அரிசியும் இறப்பரும்: இலங்கை–சீன உறவு கற்பிக்கும் பாடம்

புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பற்றி எங்கள் பகுதியில் வழங்கும் கதை ஒன்றுண்டு. அக்கிணற்றில் இட்ட எலுமிச்சம்பழம், பல மைல் தொலைவிலுள்ள கீரிமலைக் கேணியில் மிதந்ததாம். சுண்ணாம்புக் கற்பாறையின் அடியில் நீருக்கு வழிகள் உண்டென்பதை அனுபவத்தால் அறிந்த மக்கள், அவ்வறிவைக் கதையாகச் சொல்லி வைத்தனர் போலும். கண்ணுக்குப் புலப்படாத வழிகளால் தூரத்து இடங்கள் இரண்டு பிணைந்திருக்கக்கூடும் என்ற அந்த உண்மை நாடுகளுக்கும் பொருந்தும்.

பத்தாந்தர வகுப்பில் வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்த ஒருநாள், மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், சீனா எங்களுக்குச் சிநேகிதமோ, எதிரியோ?" என்று கேட்டான். துறைமுகம், கடன், கப்பல் என்று நாளாந்தம் செய்தித்தாள் படிக்கும் பிள்ளையின் உள்ளத்தில் எழக்கூடிய நேர்மையான கேள்வி அது. ஒரு சொல்லில் விடை கூற எனக்கு இயலவில்லை. அன்று மாலை வீடு திரும்பும்போது என் அப்பம்மா முன்னொரு காலத்தில் சொன்னது நினைவுக்கு வந்தது. "சீனத்து அரிசி வந்திட்டுதெண்டா, விடியமுன்னமே சங்கக் கடை வாசலிலை உமலோடை சனம் நிக்கும்" என்பார் அவர். புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கும் செம்மண் ஊர் எங்களது. நெல் விளைவது மழையை நம்பிய ஒரு போகம், அதுவும் வயலுடையவருக்கு. பிறர் தோட்டத்திற் கூலி செய்து பிழைத்த குடும்பங்களுக்குக் கூப்பன் அரிசியே உயிர். அவ்வரிசி ஏன் சீனாவிலிருந்து வந்தது? அதற்கு ஈடாக எதைக் கொடுத்தோம்? கொடுத்தவர் யார்? இக்கேள்விகளுக்கு விடை கண்டால், மாணவனின் கேள்விக்கும் விடை தோன்றும்.

பழைய கடல்வழி

இலங்கைக்கும் சீனாவுக்கும் இடையிலான தொடர்பு நேற்றுத் தோன்றியதன்று. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாகியான் என்னும் சீனத் துறவி இந்தியாவிலிருந்து வணிகக் கப்பலேறி இங்கு வந்தார். அநுராதபுரத்தில் இரண்டாண்டுகள் தங்கிப் பௌத்த நூல்களைத் தேடிப் பெற்றார். அபயகிரி விகாரையில் மரகதப் பச்சைக்கல்லாலான புத்தர் திருவுருவின் முன்னே, வணிகன் ஒருவன் சீனத்து வெண்பட்டு விசிறியைக் காணிக்கையாக வைத்ததைக் கண்டதும், தாய்நாட்டு நினைவால் தம் கண்கள் கலங்கியதை அவர் தமது பயணக் குறிப்பிற் பதிந்துள்ளார். துறவியின் கண்ணீரை வரலாறு போற்றுகின்றது. அந்த விசிறி அங்கு எவ்வாறு வந்தது என்பதும் நாம் கேட்க வேண்டியதே. பட்டுநூல் நூற்ற சீனப் பெண்ணும், பாய்மரம் இழுத்த மாலுமியும், கரையில் மூட்டை சுமந்தவனும் இல்லாமல் அது அபயகிரியை அடைந்திராது.

திருக்கேதீச்சரத்தை அண்டிய மாந்தைத் துறைமுகத்து அகழ்வுகளிற் சீன மட்பாண்டங்கள் கிடைத்தன. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்தால் வரும் அல்லைப்பிட்டியில் 1977 ஆம் ஆண்டு நடந்த அகழ்வும் சுங் வமிசக் காலத்துப் பாண்டங்களை வெளிக்கொணர்ந்தது. அவை பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. அதே காலத்திற் சோழப் பேரரசு 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளிற் சீன அரசவைக்குத் தூதுக் குழுக்களை அனுப்பியது. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்திற் சிவன்கோயில் ஒன்று இருந்ததை 1281 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு காட்டுகின்றது. அரசர் அறிவித்த பின்னரே உறவு பிறந்ததென்று எண்ணுவது பிழை. கப்பலும் சரக்கும் முன்னே சென்றன. தூதுவர் பின்னே சென்றார்.

இவ்வுறவின் மிகச் சிறந்த சான்று இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் நிற்கின்றது. 1911 ஆம் ஆண்டு காலி நகரில், நீர் ஓடும் மதகொன்றின் மூடுகல்லாகக் குப்புறக் கிடந்த நிலையிற் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டே அது. மிங் வமிசத்து யொங்லோ பேரரசரின் ஆணையால் 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்டுப் பொறிக்கப்பட்டு, கடற்றளபதி செங் ஹோவின் கப்பலிற் கொண்டுவரப்பட்ட கல் அது. சீனமொழிப் பகுதி புத்தரைப் போற்றுகின்றது. தமிழ்ப் பகுதி தென்கோடித் தேவந்துறையில் எழுந்தருளிய தெனாவரை நாயனாரைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. பொன் 1,000, வெள்ளி 5,000 என்று தொடங்கிப் பட்டும் எண்ணெயும் விளக்கும் எனக் காணிக்கைப் பட்டியல் நீள்கின்றது. மூன்று பகுதிகளிலும் காணிக்கைகள் ஏறத்தாழ ஒரே அளவின.

சிங்கள அரசு நிலவிய தென்னிலங்கையிற் சீனப் பேரரசர் தமிழில் ஏன் எழுதுவித்தார்? இதனை இனப்பெருமைக்குச் சான்றாக மேடையிற் காட்டுவோர் உளர். வரலாற்று மாணவன் அதில் வணிகத்தின் தேவையைக் காண்பான். அந்நாளில் இந்துமாக்கடல் வணிகத்திற் புழங்கிய பெருமொழிகளுள் தமிழும் பாரசீகமும் அடங்கும். பொருள் விற்கவும் வாங்கவும் வந்தவன் சந்தையின் மொழியையே நாடுவான். எச்சமயத்தவரையும் பகைக்க விரும்பான்.

ஆயின் கதை காணிக்கையோடு முடியவில்லை. அதே பயணத்தில், தென்னிலங்கையில் ஆதிக்கம் செலுத்திய அழகக்கோனார் குலத்து வீர அளகேஸ்வரனுக்கும் செங் ஹோவுக்கும் போர் மூண்டது. சீனப் படை கோட்டையைத் தாக்கி, ஆட்சியாளனையும் குடும்பத்தையும் சிறைப்பிடித்து 1411 ஆம் ஆண்டு நான்கிங்குக்குக் கொண்டு சென்றது. பேரரசர் பின்னர் அவனை மன்னித்து விடுவித்தார். மும்மொழியில் வணங்கிய அதே கப்பற்படை ஒரு நாட்டின் அரசனைக் கட்டியும் சென்றது. பெருநாட்டின் கை கொடுக்கும்போதும் பெரிது, பறிக்கும்போதும் பெரிது என்பதைப் பதினைந்தாம் நூற்றாண்டே நமக்குக் காட்டிவிட்டது.

இறப்பர் மரத்தின் பயணம்

பின்னர் ஐரோப்பியர் வந்தனர். கீழைத்தேய நாடுகள் தமக்குள் நடத்திய நேரடி வணிகம் தளர்ந்தது. லிஸ்பனுக்கும் அம்ஸ்ரடாமுக்கும் இலண்டனுக்கும் எது வேண்டுமோ அதுவே எங்கள் மண்ணில் விளையலாயிற்று. 1876 ஆம் ஆண்டு, பிரேசில் நாட்டு இறப்பர் விதைகளிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைப்பித்த கன்றுகள் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. அடுத்த நூற்றாண்டில் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளின் மலைச்சரிவுகளை இறப்பர் மூடியது. பிரேசிலின் மரம், ஆங்கிலேயரின் மூலதனம், தமிழகத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சத்தால் துரத்தப்பட்டு வந்தோரினதும் இலங்கைக் கிராமத்தவரினதும் உழைப்பு. விளைந்த பொருள் மேற்கு நாடுகளின் மோட்டார் வண்டிச் சக்கரங்களுக்கு. குடியேற்ற நாட்டுப் பொருளாதாரம் என்று நூல்கள் கூறுவதை ஒரே மரத்திற் காணலாம்.

இவ்வமைப்பின் கேடு 1942 ஆம் ஆண்டு வெளிப்பட்டது. யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும், அங்கிருந்து வந்த அரிசி நின்றது. தேயிலையும் இறப்பரும் மலையெனக் குவிந்திருந்த நாட்டில் உண்பதற்கு அரிசி இல்லை. பங்கீட்டு முறையும் கூப்பன் புத்தகமும் அந்தப் போர்க்கால வாழ்வோடு ஒன்றின. 1948 ஆம் ஆண்டு கொடி மாறிய பின்னரும் நிலைமை மாறவில்லை. சோற்றுக்குப் பிறநாட்டையே நம்பியிருந்தோம்.

1952: ஒரு துணிவு

1950 ஆம் ஆண்டு யூனில் கொரியப் போர் தொடங்கியது. போர்ப் பீதியால் இறப்பர் விலை வானளாவ உயர்ந்தது. பின் வேகமாகச் சரிந்தது. அதே வேளையில் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது. விலை கொடுத்தாலும் கிடைப்பது அரிதாயிற்று. விற்கும் பொருளுக்கு விலை இல்லை. வாங்கும் பொருளோ கைக்கெட்டவில்லை. சீனாவின் நிலையும் நெருக்கடியானதே. 1951 மே 18 அன்று ஐக்கிய நாடுகள் சபை, போருக்குப் பயன்படும் பொருள்களைச் சீனாவுக்கு விற்பதைத் தடுக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. மலாயாவின் இறப்பரும் சீனாவுக்குப் போகாதபடி பிரித்தானியா தடுத்தது. சீனாவிடம் அரிசி இருந்தது, இறப்பர் இல்லை. எங்களிடம் இறப்பர் இருந்தது, அரிசி இல்லை.

இலங்கை 1950 சனவரியிலேயே மக்கள் சீனத்தை அங்கீகரித்திருந்தது. எனினும் இரு நாடுகளும் தூதரகம் அமைக்கவில்லை. கொழும்பில் ஆட்சி செய்ததோ பொதுவுடைமையைப் பகையென்று மேடைதோறும் முழங்கிய ஐக்கிய தேசியக் கட்சி. சீனாவுடன் வணிகஞ் செய்யுமாறு இடதுசாரிகள் வற்புறுத்தினர். அதனைக் கட்சிப் பிரசாரமென்று ஒதுக்கியவர்களே, பானை வெறுமையானபோது அவ்வழியை நாட வேண்டியதாயிற்று. வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க 1952 செப்டெம்பரில், அந்நாளிற் பீக்கிங் என வழங்கிய பெய்ஜிங்குக்குத் தூதுக்குழுவுடன் சென்றார். ஒக்டோபர் 4 அன்று 80,000 தொன் அரிசிக்கு உடன்பாடு கண்டது. டிசெம்பர் 18 அன்று ஐந்தாண்டு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஆண்டுதோறும் சீனா 270,000 மெற்றிக் தொன் அரிசி தரும். இலங்கை 50,000 மெற்றிக் தொன் இறப்பர் தரும். இது எங்கள் இறப்பர் விளைவில் ஏறத்தாழப் பாதி. சிங்கப்பூர்ச் சந்தை விலையினும் கூடிய விலை இறப்பருக்குக் கிடைத்தது. அரிசியோ உலகச் சந்தை விலையினும் குறைவு.

அமெரிக்கா சினந்தது. பகை முகாமுக்குப் போர்ப்பொருள் விற்கும் நாட்டுக்கு உதவி இல்லையென்று கூறும் அதன் 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, 1956 வரை இலங்கைக்குப் பொருளுதவியை மறுத்தது. இலங்கை அப்போது ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்புரிமை பெறவில்லை. 1955 டிசெம்பரிலேயே அது கிட்டியது. ஆகவே தடைத் தீர்மானம் இலங்கையைக் கட்டுப்படுத்தவில்லை. சபைக்கு வெளியே நிறுத்தப்பட்டதே ஒரு வகையில் நன்மையாயிற்று. நான்கு ஆண்டு வயதுடைய ஒரு சிறு நாடு, தன் மக்களின் பசியை முன்னிறுத்திப் பேரரசொன்றின் அச்சுறுத்தலைப் புறந்தள்ளியது. இத்துணிவை மறுப்பதற்கில்லை. செய்தவர்கள் யாராயினும் செயல் செயலே.

எனினும் இத்துணிவுக்கு வீரவணக்கம் செய்வதற்கு முன் ஒன்றை நினைத்தல் வேண்டும். ஒப்பந்தத்தைச் செய்த ஆர். ஜி. சேனநாயக்க பின்னாளிற் சிங்களத் தேசியவாத அரசியலின் தீவிரக் குரல்களுள் ஒருவரானார். வெளிநாட்டுக்கு முன் நிமிர்ந்து நிற்பவர் உள்நாட்டிலும் நீதியாக நடப்பார் என்பதற்கு வரலாற்றில் உறுதி ஏதுமில்லை.

பால் வெட்டியவர் கதை

ஒப்பந்தத்தில் இறப்பர் உண்டு, அரிசி உண்டு, தொன் கணக்கு உண்டு, விலை உண்டு. இறப்பரை எடுத்தவர் உளரா? விடியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் ஓடிப் பட்டையைச் சீவி, சிரட்டையில் வழிந்த பாலைச் சேர்த்துச் சுமந்து, உறையவைத்து, தகடாக்கிப் புகையூட்டிக் கொடுத்தவர் யார்? சிங்களக் கிராமத்து உழைப்பாளரும் சிறு தோட்டக்காரரும் அவருள் அடங்குவர். பெருந்தோட்டங்களில் அவரோடு சேர்ந்து உழைத்தவர் இந்திய வமிசாவளித் தமிழர். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை.

இத்தமிழ்த் தொழிலாளரின் அரசியல் நிலை அந்நாளில் எதுவாயிருந்தது? 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலோரைக் குடியுரிமையற்றவராக்கியது. 1949 ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் பறித்தது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. ஒப்பந்தம் கைச்சாத்தான 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒருவரும் தெரிவாகவில்லை. ஆகவே, இந்நாட்டுக்குச் சோறு வாங்கித் தந்த பொருளை உண்டாக்கியவருட் பெருந்தொகையினர் இந்நாட்டிற் பெயரில்லாதவராக இருந்தனர். யாழ்ப்பாணத்துச் சங்கக் கடையில் உமலோடு நின்றவருக்கு வந்த சீனத்து அரிசி, களுத்துறைத் தோட்டத்து நாடற்ற தொழிலாளியின் வியர்வையால் வாங்கப்பட்டது. எங்கள் பெரியவர்களுட் பலர் அந்த அரிசியை உண்டனர். அந்தக் கையை நினைத்தவர் மிகச் சிலரே. தமிழ்க் காங்கிரசுத் தலைவர்களுட் சிலர் அக்கால அரசோடு ஒத்துழைத்ததையும் நாம் மறைத்தல் ஆகாது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து, 1964 ஒக்டோபர் 30 அன்று, இலங்கை அரசு இந்தியாவோடு மற்றோர் ஒப்பந்தம் செய்தது. அதில் 975,000 மனிதர் கணக்கெடுக்கப்பட்டனர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு. தொன் கணக்கில் எழுதிப் பழகிய கைகள் மக்களையும் தொகை கணக்கிற் பங்கிட்டன. அம்மக்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை.

மறுகரையிலும் உழைத்த கை உண்டு. 1950 ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தத்தால் நிலம் பெற்ற சீன உழவனே அவ்வரிசியை விளைவித்தான். 1959 முதல் 1961 வரை சீனாவிற் கொடும் பஞ்சம் நிலவிப் பல கோடி மக்கள் மாண்டனர். அவ்வாண்டுகளிலும் ஒப்பந்தம் முறியவில்லை. இருபுறத்து உழைப்பாளரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஒருவர் துன்பத்தை மற்றவர் அறிந்ததுமில்லை. இரு அரசுகளும் அவருக்காகப் பேசுவதாகக் கூறிக்கொண்டன.

மலிந்த அரிசியும் உயர்ந்த விலையும்

ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 1953 ஆம் ஆண்டிலேயே விந்தையொன்று நிகழ்ந்தது. வெளிநாட்டிலிருந்து குறைந்த விலைக்கு அரிசி வரத் தொடங்கிய வேளையில், யூலை மாதத்தில், கொத்து 25 சதமாக இருந்த பங்கீட்டரிசியின் விலையை அரசு 70 சதமாக உயர்த்தியது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தியது. திறைசேரி தாங்காது என்பது நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன தரப்பின் வாதம். மக்கள் வேறு கணக்குப் போட்டனர். ஓகஸ்ட் 12 அன்று இடதுசாரிக் கட்சிகளின் அறைகூவலை ஏற்று நாடெங்கும் ஹர்த்தால் வெடித்தது. கடைகள் மூடின, புகையிரதங்கள் நின்றன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. அவ்வாண்டு ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார்.

மாணவர்கள் இவ்விரு நிகழ்ச்சிகளையும் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கின்றனர். இரண்டையும் சேர்த்துப் படித்தாலன்றி உண்மை புலனாகாது. நல்ல ஒப்பந்தம் துறைமுகம் வரை அரிசியைக் கொண்டுவரும். துறைமுகத்திலிருந்து ஏழையின் அடுப்பு வரை அதைக் கொண்டுவருவது மக்களின் போராட்டம். இரண்டாவது இல்லையேல் முதலாவதன் பயன் இடைவழியில் நின்றுவிடும்.

குரல்கள், கடிதங்கள், விமானங்கள்

1956 இற் பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தபின் உறவு விரிந்தது. சௌ என்லாய் 1957 ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் கொழும்புக்கு வந்தார். அவ்வாண்டு பெப்ரவரி 7 அன்று தூதரக உறவு ஏற்பட்டது. வணிகம் தொடங்கி நான்காண்டுகள் கழிந்த பின்னரே தூதுவர் வந்தார் என்பது கவனிக்கத்தக்கது. 1962 இல் இந்தியாவும் சீனாவும் எல்லையிற் போரிட்டபோது, சிறீமாவோ பண்டாரநாயக்க அணிசேரா நாடுகள் ஆறினைக் கொழும்பிற் கூட்டிச் சமாதானம் பேச முயன்றார். அடுத்த சனவரியிற் பீக்கிங்கும் டில்லியும் சென்றார். சிறு நாட்டுக்கும் சொல்ல ஒரு சொல் உண்டென்று உலகம் கேட்டது.

பண்பாட்டு உறவும் வளர்ந்தது. 1963 ஓகஸ்டிற் பீக்கிங் வானொலி தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது. லூ சுன்னின் எழுத்து, மலையகத்தவரான கே. கணேஷ் போன்றோர் வழியாகத் தமிழுக்கு வந்தது. பொதுவுடைமை இயக்கம் மொஸ்கோ, பீக்கிங் என இரண்டானபோது அப்பிளவு எங்கள் கிராமங்கள் வரை எட்டியது. அதைப் பரிகசிப்போர் ஒன்றை மறக்கின்றனர். 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சாதி ஒடுக்குமுறைக்கு எதிராகச் சென்ற பேரணி, என். சண்முகதாசன் தலைமையிலான கட்சியின் அணியினர் முன்னின்று நடத்தியது. தேநீர்க் கடையிலும் கோயில் வாசலிலும் மனிதனாக மதிக்கப்படாதவன், எங்கோ ஒரு நாட்டில் உழவர் நிமிர்ந்த செய்தியைத் தன் முதுகெலும்பாக்கிக்கொண்டான். போராடியவன் இந்த மண்ணின் மைந்தன். அவன் வாங்கிய அடியும் இந்த மண்ணில் விழுந்ததே.

ஆயின் அரசுகளின் நட்பு வேறு வழியிற் சென்றது. 1971 ஏப்பிரலில் ஜே. வி. பி. இளைஞர் கிளர்ச்சி கொடூரமாக அடக்கப்பட்டது. அவ்வேளையிற் சௌ என்லாய் பிரதமர் சிறீமாவோவுக்குக் கடிதம் எழுதி, அரசின் நடவடிக்கையை ஆதரித்தார். வட்டியில்லாக் கடனும் வழங்கினார். சீனாவைப் போற்றிய சண்முகதாசன் அப்போது சிறையில் இருந்தார். பீக்கிங்கைத் தம் தாயகமென்று நம்பியிருந்தோருக்கு இதைவிடக் கசப்பான பாடம் வேறு இருந்திராது. 1973 மே மாதம் சீனாவின் அன்பளிப்பான பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபம் கொழும்பிற் திறக்கப்பட்டது. 1991 இல் இலங்கை விமானப்படை வாங்கிய எவ்-7 போர் விமானங்களும் சீனாவிலிருந்தே வந்தன. வடக்கின் வான்பரப்பில் விமான ஒலி கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடிய தலைமுறைக்கு அந்த உறவின் பொருளை விளக்க வேண்டியதில்லை. மண்டபமும் விமானமும் ஒரே உறவின் இரு கிளைகள்.

பண்டமாற்று போய்க் கடன் வந்தது

ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பட்ட அரிசி–இறப்பர் ஒப்பந்தம் 1982 வரை நீடித்தது. 1977 இன் பின் வந்த திறந்த பொருளாதாரத்தில் அதற்கு இடமிருக்கவில்லை. அதன்பின் வளர்ந்த உறவு வேறு இயல்புடையது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீனக் கடனாற் கட்டப்பட்டது. 2017 ஆம் ஆண்டு 112 கோடி அமெரிக்க டொலருக்குச் சீன நிறுவனமொன்றிடம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சென்றது. 2022 ஏப்பிரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாதென அறிவித்தது.

இதற்குச் சீனாவே காரணமென்று கூறுவது எளிது, முழு உண்மையன்று. கடனின் மிகப்பெரும் பங்கு மேற்கு நாட்டு நிதிச் சந்தைகளில் விற்ற கடன்பத்திரங்களுக்கு உரியது. எனினும் 1952 க்கும் 2017 க்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். அன்று இரு தரப்பாரும் தம் கையிலுள்ள விளைபொருளை வைத்துப் பேசினர். ஒருவரின்றி மற்றவருக்கு ஆகாது. பின்னாளிலோ ஒருவர் கொடுப்பவர், மற்றவர் கேட்பவர். விளைபொருளைக் கொண்டு பேசுபவனின் குரலும் கடன் கேட்பவனின் குரலும் ஒன்றாக ஒலிப்பதில்லை.

எங்கள் தீவகத்திலும் இதன் நிழல் விழுந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றிற் காற்றாலும் கதிரொளியாலும் மின்சாரம் ஆக்கும் திட்டம் 2021 சனவரியிற் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா கவலை தெரிவித்தது. அவ்வாண்டு இறுதியில் அத்திட்டம் நின்றது. 2022 மார்ச்சில் இந்தியாவின் கைக்கு மாறியது. செய்திகளில் இரு பெருநாடுகளின் பெயர்களே அடிபட்டன. நெடுந்தீவு மீனவனின் பெயரோ, இரவில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளையின் பெயரோ அடிபடவில்லை. 1952 இற் பால் வெட்டியவனுக்கு நேர்ந்ததே எழுபது ஆண்டுகளின் பின் தீவகத்தவனுக்கும் நேர்ந்தது.

அடுத்த வகுப்பில் அம்மாணவனுக்கு நான் இவ்வரலாற்றைச் சொன்னேன். நட்போ பகையோ என்று முடிவு செய்யுமுன் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுமாறும் கூறினேன். எது கொடுக்கப்பட்டது, எது பெறப்பட்டது? அதை உண்டாக்கிய கை எவருடையது? அக்கையுடையவரிடம் எவராவது கேட்டார்களா? இந்த மூன்றையும் சீனாவிடம் மட்டுமன்றி, இந்தியாவிடமும் அமெரிக்காவிடமும், எல்லாவற்றுக்கும் முன்னே கொழும்பிடமும், நமது தமிழ்த் தலைவர்களிடமும் கேட்க வேண்டும். அவன் சிறிது யோசித்து, "அப்ப சேர், ஒப்பந்தத்திலை எங்கடை பெயரும் இருக்க வேணும்" என்றான். பாடநூல் எழுதுவோர் பலருக்கு விளங்காதது அவனுக்கு விளங்கிற்று.

நிலாவரைக் கிணற்றின் மேற்பரப்பில் நன்னீர், ஆழத்தில் உவர்நீர். எங்கள் தோட்டக்காரர் இதனை அறிவர். அளவோடு இறைத்தால் வெங்காயம் செழிக்கும். அளவு கடந்து இறைத்தால் உவர் மேலேறிப் பயிரும் மண்ணும் கெடும். அதற்காகக் கிணற்றை மூடியவர் எவருமில்லை. எவ்வளவு இறைப்பது என்பதைத் தோட்டஞ் செய்பவர்களே தம்முள் முறை வைத்துத் தீர்மானித்தனர். தூரத்து நாடுகளோடு கொள்ளும் உறவிலும் அம்முறை வைக்கும் உரிமை உழைக்கும் மக்களின் கைக்கு வர வேண்டும். அந்நாள் வரும்வரை, 1952 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை அதன் துணிவுக்காகவும், அதில் எழுதப்படாத பெயர்களுக்காகவும் நம் பிள்ளைகளுக்குக் கற்பித்துக்கொண்டிருப்போம்.